லுண்டு காட்டில் காணாமற்போன மரம்

ஒரே ஒரு மரத்தைத் தேடி ஆய்வுக் குழு ஒன்று சரவாக்கிற்கு வந்தது. அந்த மரம் நின்ற இடம் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கூச்சிங் நகருக்கு மேற்கே உள்ள லுண்டு வட்டாரத்தின் காட்டுக்குள் குழுவினர் சென்றனர். குறிப்பிட்ட இடத்தை அடைந்தபோது அவர்களுக்கு ஏமாற்றமே காத்திருந்தது. மரம் அங்கே இல்லை. அது முன்பே வெட்டப்பட்டுவிட்டது.

காட்டில் ஒரு மரம் வெட்டப்படுவது புதிய செய்தியன்று. ஆனால், இந்த மரத்திலிருந்து முன்பு எடுத்துச் செல்லப்பட்ட சிறு மாதிரி, எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமியை ஆய்வுக்கூடத்தில் தடுத்து நிறுத்தியிருந்தது. மேலும் ஆராய வேண்டுமானால் இன்னும் நிறைய மாதிரி வேண்டும். மரமோ இல்லை. இனி என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த வரலாற்றைத்தான் இந்தப் பகுதியில் படிக்கப் போகிறோம். ஒரு தாவரம் மருந்தாவதற்கு எத்தனை படிகளைக் கடக்க வேண்டும் என்பதையும் இதன்வழி நாம் அறியலாம்.

மாதிரி திரட்டிய காலம்

எய்ட்ஸ் நோயைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு 1981-ல் வெளிவந்தது. அதற்குக் காரணமான கிருமி 1983-ல் கண்டறியப்பட்டது. அந்நோய்க்கெதிராக அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து 1987-ல் வந்தது. ஒரே மருந்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால் புதிய மருந்துகளைத் தேடும் பணி விரைந்து நடந்தது.

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1986-ல் ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியது. வெப்பமண்டலக் காடுகளில் வளரும் தாவரங்களைத் திரட்டி, அவற்றில் புற்றுநோயையும் எச்.ஐ.வி. கிருமியையும் எதிர்க்கும் சேர்மங்கள் உள்ளனவா என்று சோதிப்பதே அதன் நோக்கம். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மாதிரிகள் திரட்டப்பட்டன. 1987-ல் தாவரவியலர் ஜான் பர்லியும் உடன் சென்றவர்களும் லுண்டு அருகே சில மரங்களின் மாதிரிகளை எடுத்தனர். அவற்றுள் ஒன்று பிந்தாங்கோர் மரத்தின் மாதிரி.

மாதிரி எடுப்பது என்றால் இலையைப் பறித்துப் பையில் போடுவது மட்டுமன்று. ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் எண் தரப்படும். எங்கே, எந்த நாளில், எத்தகைய மண்ணில் வளர்ந்த மரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதப்படும். அதே மரத்தின் சிறு கிளை ஒன்று தாளுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்தப்பட்டு, உலர்தாவரக் காப்பகத்தில் சேர்க்கப்படும். இதைச் சான்று மாதிரி என்பர். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால், ‘நாம் ஆராய்ந்தது எந்த மரம்?’ என்று சரிபார்க்க இதுவே உதவும். பார்ப்பதற்கு எளிய வேலையாகத் தோன்றும் இது எவ்வளவு முக்கியமானது என்பதைப் பின்னர்க் காண்போம்.

புன்னையின் உறவு

பிந்தாங்கோர் என்பது மலாய்ப் பெயர். சரவாக்கில் இப்பெயரில் ஒரு சிற்றூரும் உண்டு. இம்மரங்கள் சேர்ந்த பேரினத்தை அறிவியலாளர் ‘கலோஃபில்லம்’ என்று அழைப்பர். கிரேக்க மொழியில் இதற்கு ‘அழகிய இலை’ என்று பொருள். இலையின் நடுநரம்பிலிருந்து இருபுறமும் மெல்லிய நரம்புகள் சீப்பின் பற்களைப்போல் நெருக்கமாக ஓடுவதைப் பார்த்தால், இந்தப் பெயரின் பொருத்தம் புரியும்.

தமிழர்களாகிய நமக்கு இப்பேரினம் புதிதன்று. நெய்தல் நிலத்துக்குரிய புன்னை மரமும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். நற்றிணைப் பாடல் ஒன்றில், ஒரு பெண் புன்னை மரத்தைத் தன் உடன்பிறந்தவளாகவே கருதுகிறாள். மலேசியக் கடற்கரைகளிலும் புன்னை வளர்கிறது. மலாய் மொழியில் இதைப் ‘பெனாகா லாவுட்’ என்பர். எனவே, லுண்டு காட்டில் நின்ற பிந்தாங்கோர் மரத்தை நம் புன்னையின் உறவு என்று சொல்லலாம்.

சாறிலிருந்து சேர்மம் வரை

ஆய்வுக்கூடத்தை அடைந்த மாதிரி முதலில் பொடியாக்கப்பட்டது. பிறகு அந்தப் பொடி கரைப்பானில் ஊறவைக்கப்பட்டது. தேயிலையை வெந்நீரில் போட்டால் அதன் நிறமும் சுவையும் நீரில் இறங்குகின்றன அல்லவா? அதுபோலவே, தாவரத்தில் உள்ள சேர்மங்கள் கரைப்பானில் இறங்கும். நீரில் கரையாதவை வேறு கரைப்பான்களில் கரையும். இப்படிக் கிடைக்கும் சாற்றில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கலந்திருக்கலாம்.

அடுத்தது சோதனை. மனித இரத்தத்தின் வெள்ளை அணு வகையைச் சேர்ந்த உயிரணுக்களைச் சிறு குழிகள் உள்ள தட்டில் வளர்த்து, அவற்றுடன் எச்.ஐ.வி. கிருமியைச் சேர்ப்பார்கள். மருந்து எதுவும் இல்லாத குழியில் சில நாள்களில் உயிரணுக்கள் மடிந்துவிடும். தாவரச் சாறு சேர்க்கப்பட்ட குழியில் அவை பிழைத்திருந்தால், அந்தச் சாற்றில் ஏதோ ஒன்று அவற்றைக் காத்திருக்கிறது என்று பொருள். உயிரணுக்கள் பிழைத்தனவா என்பதை எப்படி அறிவது? இறுதியில் ஒரு சாயப்பொருளைச் சேர்ப்பார்கள். உயிருள்ள அணுக்கள் அதைச் செம்மஞ்சள் நிறமாக மாற்றும்; இறந்தவற்றால் மாற்ற முடியாது. நிறம் எவ்வளவு அடர்த்தியோ, பிழைத்த அணுக்கள் அவ்வளவு அதிகம்.

இதே சோதனையைச் சாற்றுடன் மட்டும், கிருமி இல்லாமலும் செய்து பார்ப்பார்கள். இது ஏன்? சாறு கிருமியைக் கொல்வதோடு உயிரணுவையும் கொன்றுவிட்டால் அதனால் பயனில்லை. ‘கிருமியை அழிக்கிறதா?’ என்பது பாதிக் கேள்விதான். ‘நம் உயிரணுவை விட்டுவைக்கிறதா?’ என்பது மீதிக் கேள்வி.

பிந்தாங்கோர் சாறு இவ்விரண்டு கேள்விகளிலும் தேறியது. ஆனால், சாற்றில் உள்ள பல சேர்மங்களுள் எது அந்த வேலையைச் செய்தது? இதை அறிய, சாற்றைப் பல பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியையும் மீண்டும் சோதித்தார்கள். பலன் தந்த பகுதியை மட்டும் எடுத்து மறுபடியும் பிரித்தார்கள். இப்படிப் பிரிப்பதும் சோதிப்பதும் மாறிமாறி நடந்து, கடைசியில் தூய சேர்மங்கள் கிடைத்தன. அதுவரை எவரும் அறிந்திராத எட்டுச் சேர்மங்கள் அந்த மரத்தில் இருந்தது தெரியவந்தது. இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1992-ல் வெளியானது. அவற்றுள் மிகுந்த ஆற்றல் கொண்ட ஒன்றுக்குக் ‘கலனோலைடு ஏ’ என்று பெயரிட்டனர்.

கிருமியின் நொதியும் அதன் தடையும்

கலனோலைடு ஏ எச்.ஐ.வி.யை எவ்வாறு தடுக்கிறது? இதற்கு விடை காண, நொதி என்றால் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். என்சைம் என்று அறிவியல் பாடத்தில் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உயிர்களின் உடலில் நடக்கும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதமே நொதி. நாம் உண்ணும் சோற்றிலுள்ள மாவுப்பொருளை வாயிலேயே சர்க்கரையாக மாற்றத் தொடங்குவது உமிழ்நீரில் உள்ள ஒரு நொதிதான்.

கிருமிகளுக்கும் நொதிகள் தேவை. நம் உயிரணுக்களில் மரபுச் செய்தி டி.என்.ஏ. என்னும் மூலக்கூறில் இருக்கிறது. தேவைப்படும்போது அதிலிருந்து ஆர்.என்.ஏ. என்னும் நகல் எடுக்கப்படுகிறது. எச்.ஐ.வி. கிருமியிடம் இருப்பதோ ஆர்.என்.ஏ. மட்டுமே. அது நம் உயிரணுவுக்குள் நுழைந்ததும், தன் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ.வை எழுதிக்கொள்கிறது. வழக்கமான திசைக்கு எதிர்த்திசையில் நடக்கும் இந்த வேலையைச் செய்யும் நொதியைத் ‘தலைகீழ்ப் படியெடுப்பு நொதி’ என்பர். இப்படி எழுதப்பட்ட டி.என்.ஏ. நம் மரபுச் செய்தியோடு சேர்ந்துகொள்ளும். அதன்பின், நம் உயிரணுவே கிருமிக்குப் பிள்ளை பெற்றுத் தரும் தொழிற்கூடமாகிவிடும்.

கலனோலைடு ஏ இந்த நொதியைத்தான் குறிவைக்கிறது. ஒரு கத்தரிக்கோலை நினைத்துப் பாருங்கள். அதன் இரண்டு அலகுகளும் கூர்மையாகவே இருக்கின்றன. ஆனால், அலகுகள் இணையும் திருகின் அருகே ஒரு சிறு கல் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? அலகுகள் அசையாது, தாளை வெட்ட முடியாது. அதுபோல, கலனோலைடு ஏ நொதியின் வேலை நடக்கும் இடத்தில் போய் நிற்பதில்லை. அதன் அருகே உள்ள ஒரு சிறு பள்ளத்தில் பொருந்திக்கொள்கிறது. அதனால் நொதியின் வடிவம் சற்றே மாறுகிறது. அதன் வேலை நின்றுவிடுகிறது.

எய்ட்ஸ் கிருமி அடிக்கடி தன்னை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஒரு மருந்துக்குப் பழகிய கிருமிக்கு அதே மருந்து பலிக்காமல் போகலாம். இவ்வகை மருந்துகள் சிலவற்றை எதிர்த்து நின்ற கிருமிகளைக்கூடக் கலனோலைடு ஏ தடுத்தது, ஆய்வாளர்களின் ஆர்வத்தை மேலும் தூண்டியது.

ஒரே இனம், ஆனால் ஒரே மரமன்று

இப்போது நாம் தொடக்கத்தில் கண்ட காட்சிக்குத் திரும்புவோம். மேலும் மாதிரி தேடி லுண்டுவுக்கு வந்தவர்கள் மரத்தைக் காணவில்லை. ‘அதே இனத்தைச் சேர்ந்த வேறு மரங்கள் காட்டில் இருக்குமே’ என்று நீங்கள் நினைக்கலாம். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அருகில் இருந்த அதே இன மரங்களிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். ஆனால், அவற்றில் கலனோலைடு ஏ மிகக் குறைவாக இருந்தது. சிலவற்றில் அறவே இல்லை.

ஒரே இனமாக இருந்தும் ஏன் இந்த வேறுபாடு? மாமரம் ஓரினம்தான், ஆனால், அதன் எல்லா ரகங்களும் ஒரே சுவையுள்ள பழத்தைத் தருவதில்லை. பிந்தாங்கோரும் அப்படியே. உலர்தாவரக் காப்பகத்தில் இருந்த சான்று மாதிரியை ஆராய்ந்தபோது, வெட்டப்பட்ட மரம் அவ்வினத்தின் தனி ரகம் ஒன்றைச் சேர்ந்தது என்பது தெளிவானது. அந்தச் சிறு உலர்கிளை மட்டும் காப்பாற்றப்படாமல் இருந்திருந்தால், எதைத் தேடுவது என்பதே தெரியாமல் போயிருக்கும்.

தேடல் தொடர்ந்தது. நல்ல வேளையாக, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் அத்தகைய மரங்கள் சில வளர்ந்துகொண்டிருந்தன. பல்லாண்டுகளுக்கு முன்னர் யாரோ நட்டு, எவரெவரோ பேணி வந்த மரங்கள் அவை. அவற்றை நட்டவர்களுக்கு எய்ட்ஸ் என்ற நோயைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. பயன் இன்னதென்று தெரியாமலே காத்து வைத்த ஒன்று, தக்க நேரத்தில் கைகொடுத்தது.

பால் தந்த இன்னொரு மரம்

ஆய்வாளர்கள் கலோஃபில்லம் பேரினத்தின் பிற மரங்களையும் சோதித்தனர். சரவாக்கில் வளரும் மற்றொரு பிந்தாங்கோர் மரத்தின் பாலில், கலனோலைடு ஏ-க்கு மிக நெருங்கிய ‘கலனோலைடு பி’ என்ற சேர்மம் நிறைய இருந்தது. அதன் ஆற்றல் சற்றுக் குறைவு. ஆயினும், அதற்கு ஒரு பெரிய நன்மை இருந்தது. பாலை எடுப்பதற்கு மரத்தை வெட்ட வேண்டியதில்லை. பட்டையைக் கீறினால் போதும்; மரமும் வாழும், பாலும் கிடைக்கும்.

இந்த முறை நம் முன்னோருக்கு நன்கு பழக்கமானது. இருள் விலகும் முன்னே எழுந்து, உளியால் பட்டையை மெல்லச் சீவி, மங்கில் வடியும் பாலைச் சேகரித்த தோட்டப்புற வாழ்க்கையை உங்கள் தாத்தா பாட்டியர் சொல்லக் கேட்டிருக்கலாம். உளி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மேலோட்டமாக இருந்தால் பால் வராது. அந்த அளவறிந்து சீவுவதே திறமை. பால்மரத்தைச் சாகடிக்காமல் தொடர்ந்து பாலெடுக்கும் முறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஹென்றி ரிட்லி. அவர் 1888-ல் இதே சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றவர். ஒரே பூங்கா, ஒரு காலத்தில் பால்மரத் தொழிலுக்கு வழிகாட்டியது. மற்றொரு காலத்தில் மருந்து ஆய்வுக்கு மரம் தந்து உதவியது.

மரம் இல்லாமலும் மருந்து

காட்டு மரத்தை மட்டுமே நம்பியிருந்தால், ஒரு மருந்துக்காகக் காடே அழிந்துவிடும். எனவே, வேதியியலாளர்கள் வேறு வழியையும் நாடினர். சேர்மத்தின் அமைப்பு தெரிந்துவிட்டதால், அதை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்க முயன்றனர். எளிதில் கிடைக்கும் ‘புளோரோகுளுசினால்’ என்ற வேதிப்பொருளில் தொடங்கி, படிப்படியாக வினைகளைச் செய்து, கலனோலைடு ஏ-வை உருவாக்கும் முறை 1990-களில் கண்டறியப்பட்டது.

அப்படியானால், இனி மரம் தேவையில்லையா? ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். அந்தச் சேர்மத்தை முதலில் வடிவமைத்தது எந்த வேதியியலாளரும் அல்லர், மரம்தான். மரத்தால் ஓட முடியாது. பூச்சியும் பூஞ்சையும் தாக்கினால் நின்ற இடத்திலேயே நின்று போராட வேண்டும். அதனால்தான், தாவரங்கள் பலவகைச் சேர்மங்களைத் தம் உடலில் உருவாக்கி வைத்துள்ளன. மரம் காட்டிய வடிவத்தைப் பார்த்த பின்னரே மனிதர் அதை நகலெடுத்தனர். மூலம் இல்லாமல் நகல் ஏது?

மரத்தின் நன்மை யாருக்கு?

இக்கண்டுபிடிப்பு மற்றொரு கேள்வியையும் எழுப்பியது. மரம் வளர்ந்தது சரவாக்கில், ஆராய்ந்தது அமெரிக்காவில். மருந்து விற்பனைக்கு வந்தால் அதன் பயன் யாருக்கு? சரவாக் மாநில அரசு இதில் விழிப்புடன் செயல்பட்டது. அமெரிக்கக் கழகத்துடன் 1994-ல் உடன்பாடு செய்துகொண்டது. 1996-ல் அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் இணைந்து, ‘சரவாக் மெடிகெம்’ என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்தது. பிந்தாங்கோர் மரங்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் அளிக்கப்பட்டது. மாநிலத்தின் உயிர்வளத்தை ஆராய்ந்து காக்கச் சரவாக் பல்லுயிர் மையமும் நிறுவப்பட்டது. காடு தரும் அறிவில் காட்டுக்குரிய மக்களுக்கும் பங்கு உண்டு என்ற கொள்கைக்கு இது நல்ல சான்றாகும்.

இன்னும் முடியாத பயணம்

கலனோலைடு ஏ இன்று மருந்துக் கடையில் கிடைக்கிறதா? இல்லை. ஆய்வுக்கூடத் தட்டில் வெற்றி பெறுவது முதற்படிதான். அதன்பின் விலங்குகளில் சோதிக்க வேண்டும். பிறகு, உடல்நலமுள்ள தன்னார்வலர் சிலருக்குக் கொடுத்து, பாதுகாப்பானதா என்று பார்க்க வேண்டும். அடுத்து நோயாளிகளிடம் பலன் தருகிறதா என்று அறிய வேண்டும். கலனோலைடு ஏ மனிதர்களிடம் செய்யும் தொடக்கச் சோதனைகள்வரை சென்றது. இதற்கிடையே எச்.ஐ.வி.க்கு எதிராக வேறு பல மருந்துகள் வந்துவிட்டன. எனினும், காசநோயை உண்டாக்கும் நுண்ணுயிரியையும், மருந்துக்குக் கட்டுப்படாத அதன் வகைகளையும் இச்சேர்மம் ஆய்வுக்கூடத்தில் தடுத்ததால், இதன் மீதுள்ள ஆர்வம் குறையவில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘அந்த மரத்தில் மருந்து இருக்கிறதாம்’ என்று கேள்விப்பட்டதும், இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பது அறிவுடைமையாகாது. மரத்துக்கு மரம் சேர்மத்தின் அளவு மாறும் என்பதை மேலே கண்டோம். அளவு தெரியாத மருந்து நஞ்சாகவும் மாறலாம். அதனால்தான் பிரித்தல், சோதித்தல், அளவிடுதல் என்று இத்தனை படிகள் இருக்கின்றன.

லுண்டு காட்டில் அந்த மரத்தை வெட்டியவர் எவரென்று நமக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதன் அருமை அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அறிவியலாளர்களுக்கே அது பின்னர்த்தான் தெரிந்தது. நம் காடுகளில் இன்னும் ஆராயப்படாத தாவரங்கள் எத்தனையோ நிற்கின்றன. அவற்றுள் எது எந்த நோய்க்கு விடை தரும் என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதாலேயே அவற்றைக் காக்க வேண்டியிருக்கிறது. ஓர் உலர்ந்த கிளையும், ஒரு துண்டுக் குறிப்பும், ஒரு பூங்காவில் எவரோ பேணிய சில மரங்களும் இல்லாதிருந்தால், இந்த ஆய்வு ஒரு வெட்டுண்ட மரத்தோடு முடிந்துபோயிருக்கும்.